ஹெக்கிள் பண்ணப் போன இடத்தில்

கிராமசபைக் கூட்டத்தில் என் மனைவி வேலுத்தாயைப் பேசவிடுவதில்லை என்று முடிவெடுத்தேன். வீட்டில் முடியாத காரியம். ஊர் நடுவில் முடியும் என்று நம்பிய அப்பாவி நான்.

கொடைக்கானல் மலையில், வில்பட்டிக்கு மேலே எங்கள் ஊர். ஓடையின் தலைமாட்டில் புதிதாக வந்த விடுதி, மோட்டார் போட்டுத் தண்ணீரை இழுத்துக்கொண்டது. எங்கள் பூண்டு காய்ந்தது. மோட்டாரை எடுக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவரப் போகிறாள் வேலுத்தாய். எனக்கோ, விடுதி மேனேஜர் முகேஷ் வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். செத்த பூமியைக் கட்டிக்கொண்டு அழத் தெம்பில்லை. திருப்பூருக்குப் பிழைக்கப் போகவும் பயம்.

"கூட்டத்துல நீங்க ஹெக்கிள் பண்ணுங்க, போதும்" என்றார் முகேஷ்.

எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டிவிட்டு வந்து, கொடைக்கானலில் இங்கிலீஷ் மீடியம் படிக்கும் மகள் ரோகிணியிடம் அர்த்தம் கேட்டேன்.

"ஒருத்தங்க மேடையில பேசுறப்ப, குறுக்க குறுக்கக் கத்தி அவங்களப் பேச விடாமப் பண்றதுப்பா."

"அம்புட்டுத்தானா?"

"நம்ம வீட்டுக்கு அது தேவையே இல்லப்பா. நீங்க எங்க பேசுறீங்க?"

அடுப்படியிலிருந்து ஒரு குரல். "யாரப் பேச விடாம?"

"சும்மா... கிரிக்கெட்ல வந்துச்சு."

"ஓஹோ" என்றாள் வேலுத்தாய். அந்த ஓஹோவிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் அவள் மைக்கைப் பிடித்ததும் ஆரம்பித்தேன். காட்டுமாடு விரட்டிப் பழகிய தொண்டை. "பொய்! அம்புட்டும் பொய்! உக்காரு!"

உட்கார்ந்துவிட்டாள். உட்காரும் முன், "எங்க வீட்டுக்காரரே பேசட்டுங்க" என்று மைக்கை என் கையில் திணித்துவிட்டாள். ஊரே என்னைப் பார்த்தது. நான் கத்தத்தான் வந்திருந்தேன், பேச அல்ல.

"ஏங்க, நம்ம ஓடை எப்ப நின்னுச்சு?" என்றாள், உட்கார்ந்தபடியே.

அவள் கேட்டால் உடனே பதில் சொல்லிப் பழகிய வாய். மைக்கிலேயே சொல்லிவிட்டது. "மாசியில."

"அதுக்கு முன்ன?"

"கோடையிலயும் ஓடுச்சு."

"மாசியில யாரு மோட்டாரு போட்டா?"

"இந்தா, இவுகதான்." கையும் நீண்டுவிட்டது. முன்வரிசையில் இருந்த முகேஷ் எழுந்து ஜீப்பை நோக்கி நடந்தார். என் வேலையும் அவர் பின்னாலேயே போனது.

"பூண்டு?"

"மண்ணுக்குள்ளயே சுருங்கிக் கெடக்கு" என்றேன். தோண்டிப் பார்த்த அன்று வராத அழுகை, அத்தனை பேர் முன்னால் வந்து மானத்தை வாங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை.

தீர்மானத்துக்கு ஆதரவாக ஒவ்வொரு கையாக உயர்ந்தது. "தீர்மானத்த முன்மொழியிறது யாருங்க?" என்று கேட்டார் தலைவர்.

"இவருதாங்க" என்ற வேலுத்தாய், பேனா மூடியைக்கூடக் கழற்றியே என்னிடம் கொடுத்தாள்.