இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல் கூடாது

திருத்தணி
14-7-1946

மகாராஜராஜஸ்ரீ பாவா வேணுகோபால் அவர்களுக்கு, மைத்துனன் சிவப்பிரகாசம் அநேக நமஸ்காரம். தணிகை முருகன் தயவில் நானும் ஞானாம்பாளும் குழந்தை பங்காருவும் சௌக்கியம். தங்கள் இருமலும் அக்காளின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பாவா, நான் ஒன்று கண்டுபிடித்துவிட்டேன்! அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் மன்னிக்கவும். என் இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல் வரவில்லை என்று இன்ஸ்பெக்டர் குறிப்பெழுதியதும், மறுபடியும் இப்படியென்றால் என் உத்தியோகம் போகும் என்றதும் தாங்கள் அறிந்ததே. அந்தப் பயத்தில் பிள்ளைகளைப் பிரம்பால் விளாசிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை புளியங்கொட்டைகளை ஆறு ஆறாக இரண்டு வரிசை வைத்து, "ரெண்டும் சமமா?" என்றேன். "ஆங், சமம் சார்!" ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பி, "இப்போ?" என்றேன். நம் பங்காரு உட்பட முப்பது பேரும், "இதான் ஜாஸ்தி சார்!" ஒன்றைச் சேர்க்கவில்லை, ஒன்றை எடுக்கவில்லை, பாவா! அப்போதுதான் விளங்கியது, இது திமிர் இல்லை. அந்த வயதில் கண் சொல்வதைத்தான் புத்தி கேட்கிறது; எண்ணிக்கையே பிடிபடாத பிள்ளைக்குக் கழித்தல் எப்படி வரும்!

அன்று முதல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டு மோரை அகலப் பாத்திரத்திலிருந்து நெட்டை டம்ளருக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் கொட்டியதில் ஞானாம்பாள் என்னோடு பேசுவதில்லை. சைக்கிள் கடை நூர் முஹம்மதின் மகள் ஷாகிராவைச் சோதிக்கப் போய், அவர் சக்கரத்திலிருந்து கழற்றி வைத்திருந்த சின்ன இரும்புக் குண்டுகளைப் பலகையில் பரப்பினேன். பலகை சாய்ந்து அத்தனையும் சாக்கடைக்கு உருண்டன. "வாத்தியாரே, இப்ப ஜாஸ்தியா கம்மியா, நீங்களே சொல்லுங்க" என்றார் அவர். ஷாகிரா முந்திக்கொண்டு, "கம்மி!" என்றாள். அது ஒன்றுதான் அன்று கிடைத்த சரியான விடை.

எட்டு வயது வரை கழித்தல் கூடவே கூடாது என்று மேலதிகாரிக்குப் பன்னிரண்டு பக்க மனு எழுதி நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். ஹெட்மாஸ்டரான தாங்களும் தங்கள் பேட்டைப் பள்ளியில் கழித்தலை உடனே நிறுத்திவிடவும். அக்காளுக்கு நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்; அவர்கள் வயதையும் எழுதவும், சோதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிவப்பிரகாசம்

பி.கு.: உறையை ஒட்டும்போது பங்காரு வந்தாள். "பரப்பினா கொட்டை எப்படிம்மா ஜாஸ்தியாச்சு?" என்றேன். "ஆவலையே நைனா. அதே ஆறுதான்." "பின்னே ஏன் அப்படிச் சொன்னே?" "சரியா சொன்னா நீங்க மறுதபா திருப்பிக் கேக்கமாட்டீங்க. பெரம்ப வெச்சிக்கினு மறுதபா கேட்டீங்க. மொதல்ல சொன்னது தப்புன்னு எல்லாரும் மாத்திச் சொன்னோம்." பாவா, அவளுக்கு ஆறு வயது. மனுவைத் திரும்ப வாங்க வழி உண்டா? பிரம்பை இப்போதுதான் அடுப்பில் வைத்தேன்.