கோட்டைக்குப்பத்தில் ஒரு புரத விளக்கம்

காலை ஏழரை மணி. நாற்பது பேருடைய ரத்தம் வேண்டும். விஜயராகவனிடம் அப்போதைக்கு இருந்தது அவனுடையது மட்டும்தான்.

மலேரியாக் கிருமியின் மேலுறைப் புரதத்தின் அமைப்போடு ஐந்து வருடமாகக் குடித்தனம் நடத்தும் ஆராய்ச்சி மாணவன் அவன். அதை எதிர்க்கும் சக்தி பழவேற்காடு ஏரிக்கரை மக்களின் ரத்தத்தில் உண்டா என்று பார்க்க வேண்டும். "இன்னிக்குள்ள நாற்பது பேரோட ரத்த மாதிரி வரலைன்னா உதவித்தொகை நீட்டிப்புக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று பேராசிரியர் இந்திராணி சொல்லிவிட்டார்.

கோட்டைக்குப்பத்தில் படகடியில் நின்ற நாற்பது ஆண்களும் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு, ஊசியைக் கண்டதும் வானத்தைப் பார்த்தார்கள். விளக்கிச் சொன்னால் வந்துவிடுவார்கள் என்று நினைத்தான். படித்தவனுக்கே உரிய புத்தி.

"கிருமி மேல ஒரு புரதம் இருக்கு."

"முட்டையில கீதே, அதுவா?" என்றார் வலையோடு நின்ற குப்பன். "அப்போ முட்டை குடுப்பியா?"

முட்டை இல்லை என்றதும் பத்துப் பேர் நகர்ந்தார்கள். பதறிப்போன விஜயராகவன் பக்கத்தில் கிடந்த வலைக்கயிற்றை எடுத்தான். நாலு முடிச்சு, மறுபடி அதே நாலு முடிச்சு என்று போட்டுக்கொண்டே போனான்.

"நாலே துண்டுதான். அதே வரிசையில நாற்பது தடவைகிட்ட திரும்பத் திரும்ப வரும். உடம்போட காவல்காரங்க இந்த முடிச்சுகளையே புடிச்சுத் தொங்குவாங்க. அதுக்குள்ள கிருமி ஈரலுக்குப் போயிடும்."

"கில்லாடி சார் அவன்," என்று குப்பன் கிருமியின் கட்சியில் சேர்ந்தார். "அது கெடக்கட்டும். என் கயித்துல இன்னாத்துக்கு முடிச்சு போட்ட?"

அன்று அவர்களுடைய பாடு. ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று ஊர் வைத்திருக்கும் முறை அது. தவறவிட்டால் அடுத்த முறைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். குப்பன் திட்டிக்கொண்டே முடிச்சவிழ்க்க, மற்றவர்கள் கலைந்தார்கள். விஜயராகவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊர்த்தலைவர் பச்சைமுத்து அதைப் பார்த்துவிட்டார்.

"அழுவாத நைனா. நாப்பது பேர் எழுதிக்கினியே, அந்தப் பட்டியலைக் குடு. மீன் ஏலக் கொட்டாய்ல போய் குந்து, ஒவ்வொருத்தனா அனுப்புறேன். படிக்கிற புள்ள வெறுங்கையா போவக்கூடாது."

சொன்னபடி அனுப்பினார். பெயரைக் கூப்பிட்டால் விரல் வந்தது, குத்தினால் போனது. விஜயராகவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. படிவத்தில் முகத்துக்குக் கட்டம் கிடையாது.

பதினொரு மணிக்குள் நாற்பதும் முடிந்தது. பழவேற்காட்டில் காத்திருந்த ஆய்வக வண்டியில் மாதிரிகளை ஏற்றினான். அறிவியலை எளிமையாகச் சொன்னால் மக்கள் தாமாக வருவார்கள் என்று பேராசிரியரிடம் போனில் சின்னதாக ஒரு சொற்பொழிவே ஆற்றினான். அவரும் மனம் குளிர்ந்து, நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

பொன்னேரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது டீக்கடைக்குள் நுழைந்தான். உலகமே அழகாகத் தெரிந்தது. கோட்டைக்குப்பத்துப் பெரியவர் சகாதேவன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"கையில என்ன ஆச்சு பெரியவரே?"

"பத்து வெரல்லயும் குத்துனது நீதானே சார்? ஊரு ஆம்பளைங்க மொத்தமும் பாடுன்னு ஏரிக்குப் போயிட்டானுங்க. வர முடியாதவன் பேர்ல இன்னொருத்தன் போய் நிக்கிறது எங்க வழக்கம், அதான் தலைவரு, வீட்ல சும்மா இருந்த எங்க நாலு பேரையே திரும்பத் திரும்ப அனுப்பிச்சாரு, ஆளுக்குப் பத்து."