மூத்த சாமிக்கு ஏழாம் நம்பர்

கோயிலுக்குள் தெரியாமல் செருப்போடு போய்விட்டேன், தெய்வக் குற்றம் ஆகிவிட்டது என்று யாராவது என்னிடம் வந்து புலம்பினால் எனக்குச் சிரிப்புதான் வரும். போங்கம்மா, அதெல்லாம் ஒரு குற்றமா? நான் இருபத்து மூன்று சாமிகளைப் பாத்திரம் விளக்கும் சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, முதுகில் பெயின்ட்டால் நம்பர் எழுதி, மேசை மேல் வரிசையாக அடுக்கி வைத்தவள். அதுவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு.

பத்துப் பன்னிரண்டு வருடக் கதை இது. சேலத்துப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில், பண்டைய இந்திய வரலாறு மற்றும் தொல்லியல் துறையில் அப்போது நான் தற்காலிக விரிவுரையாளர். பெயர் நீளமாக இருக்கிறதே என்று துறையையும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, பூட்டு கெட்டுப்போன ஒரு பீரோ, பதினோரு மாணவர்கள், துறைத் தலைவர் சபாபதி சார், நான். அவ்வளவுதான். சில வருடங்களுக்கு ஒருமுறை மதிப்பீட்டுக் குழு ஒன்று வந்து எங்களுக்கு மார்க் போடும். போன தடவை வந்த குழு, 'தொல்லியல் துறை என்கிறீர்கள், ஓர் அருங்காட்சியகம்கூட இல்லையே' என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தது. இந்தத் தடவையும் இல்லை என்றால் துறையைச் சுற்றுலாத் துறையோடு சேர்த்துவிடுவார்களாம். பதினோரு பிள்ளைகளும் கல்வெட்டு படிப்பதை விட்டுவிட்டு ஹோட்டல் தலையணைக்கு உறை மாட்டப் பழக வேண்டும். எனக்கு அந்த வேலையும் கிடையாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊர் ராசிபுரத்துக்கே போய்விட வேண்டியதுதான்.

குழுவுக்கு அனுப்பும் படிவத்தை நிரப்பியது நான். (இங்கேதான் சனி பிடித்தது.) 'துறையின் சேகரிப்பில் உள்ள தொல்பொருள்கள்' என்று அதில் ஒரு கட்டம். கொஞ்ச நாள் முன்புதான் நான் கிளியூருக்கு மேலே ஒரு சின்ன மலைக்கிராமத்தில் இருபத்து மூன்று கற்கோடரிகளைப் பார்த்து அளவெடுத்து எழுதி வைத்திருந்தேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இது சகஜம். உழும்போது ஏர்க் கொழுவில் வழுவழுவென்று ஒரு கல் தட்டுப்படும். நாங்கள் பார்த்தால் அது புதிய கற்காலக் கோடரி. உழுகிறவர் பார்த்தால் அது பிள்ளையார். எடுத்து வந்து மரத்தடியில் நட்டு, எண்ணெய் ஊற்றி, பொட்டு வைத்துவிடுவார். 'பார்த்த பொருள்கள்' என்று படிவத்தில் கட்டம் ஏதும் இல்லை. ஆகவே சேகரிப்பு என்ற கட்டத்திலேயே இருபத்து மூன்று என்று எழுதிவிட்டேன். நம் நாட்டிலேயே, நம் மாவட்டத்திலேயே இருக்கிற பொருள்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அருங்காட்சியகத்துக்குச் சபாபதி சார் வழி கண்டுபிடித்தார். "எந்தக் குழு வந்தாலும் மொதல்ல ஏற்காடு எப்பப் போறோம்னுதாம்மா கேக்குறாங்க. மியூசியத்தையே மேல வெச்சுட்டா?" என்றார். ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவருடைய பழைய மாணவர் ஒருவரின் எஸ்டேட். அங்கே காலியாகக் கிடந்த காபி குடோனுக்கு 'கள அருங்காட்சியகம்' என்று போர்டு மாட்டினார். போர்டு தயார், மேசை தயார், மேசை விரிப்பு தயார். பொருள்தான் மரத்தடியில் இருந்தது.

குழு வருவதற்கு முந்தின நாள் நான் அந்தக் கிராமத்துக்குப் போனேன். பூசாரி பொன்னன் மிளகுக் கொடி படர்ந்த மரத்திலிருந்து இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும், கணுக்கால் வரை மண். விஷயத்தைச் சொன்னேன்.

"பெரிய படிப்புப் படிச்சவங்க டெல்லிப் பக்கமிருந்து வர்றாங்க. சாமியப் பாக்கணுமாம். ஒரே ஒரு நாள் கொண்டுபோய்ட்டுத் தந்துடறேங்க."

"ஏனுங்க கண்ணு, பாக்கணும்னா அவங்கதானுங்க வரோணும்? சாமி எதுக்குங்க போகோணும்?"

எவ்வளவு நியாயமான கேள்வி! அன்றைக்கே இதற்குப் பதில் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. குழுத் தலைவி அம்மாவுக்கு முழங்கால் வலி, மேடு ஏற மாட்டார் என்று சமாளித்தேன். பொன்னன் பரிதாபப்பட்டார். "அப்படீங்களா, பாவம். எதுக்கும் சாமிகிட்டயே கேட்டுப்புடலாமுங்க" என்றார்.

பூ கேட்பது என்று ஒரு வழக்கம் உண்டு. சாமி தலையில் பூ வைப்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் மாட்டேன் என்று அர்த்தம். பெரிய கல்லின் தலையில் பொன்னன் செவ்வரளி ஒன்றை வைத்தார். கால் மணி நேரம் அது அசையவே இல்லை. நான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். அப்புறம் ஒரு காற்று அடித்தது, பூ வலப்பக்கம் விழுந்தது. (நான் ஊதினேன் என்று என் கணவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் ஊதவில்லை. பெருமூச்சு விட்டேன்.)

மறுநாள் காலையில் கூடையில் வாழையிலை பரப்பி இருபத்து மூன்று பேரையும் பொன்னன் என்னிடம் ஒப்படைத்தார். தரையில் வைக்கக் கூடாது, செருப்போடு தொடக் கூடாது, விளக்கு வைப்பதற்குள் திரும்ப வேண்டும். "மத்தியானம் நாங்களே வந்து கூட்டிட்டுப் போறமுங்க" என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

குடோனில் சபாபதி சார் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பதிவு எண் எங்கம்மா?"

"எதுக்கு சார்?"

"மியூசியப் பொருள்னா நம்பர் இருக்கணும்ல? நம்பர் இல்லாததுக்குப் பேரு தொல்பொருளா? வெறும் கல்லும்மா."

அவர் சொன்னது தொழில்முறைப்படி சரிதான். எங்கள் தொழிலில் எது கைக்கு வந்தாலும் முதலில் நம்பர். மண்டை ஓடானாலும் சரி, மண் சட்டியானாலும் சரி. என் கை தானாகவே பரபரத்தது. ஆனால் கல் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, எழுதினால் நிற்காது. குடோன் பின்பக்கத் தொட்டியில் தேங்காய் நாரும் சோப்பும் இருந்தன. தலைமுறை தலைமுறையாக ஊற்றிய எண்ணெய், சாத்திய சந்தனம், வைத்த குங்குமம் எல்லாவற்றையும் முக்கால் மணி நேரத்தில் சாக்கடைக்கு அனுப்பினேன். பிறகு கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் காபி மூட்டைக்கு நம்பர் போடும் கறுப்புப் பெயின்ட்டைக் கொடுத்தார். முறைப்படி முதலில் வார்னிஷ் தடவி, அதன் மேல்தான் எழுத வேண்டும். அப்போதுதான் பிறகு சுலபமாக அழிக்கலாம். நேரம் ஏது? கைக்கு வந்த கல்லை எடுத்து 1, அடுத்ததற்கு 2 என்று கடகடவென்று எழுதினேன். எழுதி முடித்துவிட்டுத் தூர நின்று பார்த்தேன். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல வருகிறது.

பதினோரு மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர் வந்திருக்க வேண்டும். அடிவாரத்திலிருந்து ஏறும்போது ஏழாவது கொண்டை ஊசி வளைவிலேயே ஒருவர் தன் மதிப்பீட்டை ஜன்னல் வழியாக வெளியிட்டுவிட்டதால், அவரை ஓட்டலில் படுக்க வைத்துவிட்டு மற்ற இருவர் மட்டும் வந்தார்கள். ஒருவர் குழுத் தலைவி. வடக்கத்திக்காரர், கனத்த ஷூ, ஆங்கிலத்தில் சரமாரியாகக் கேள்விகள். இன்னொருவர் வடநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியராம். வாயையே திறக்காமல் கொட்டாவியை மட்டும் மென்றுகொண்டிருந்தார். இவரால் ஆபத்தில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

சபாபதி சார் அன்று உச்சத்தில் இருந்தார். "இவையெல்லாம் எங்கள் துறை அகழ்ந்து எடுத்தவை, மேடம். மூன்றாவது மண்ணடுக்கு" என்று, தோண்டாத குழிக்கு ஆழம் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவி இருப்பதிலேயே பெரிய கல்லைக் கையில் எடுத்து, திருப்பி, நம்பரைப் பார்த்து, "நல்ல ஆவணப்படுத்தல்" என்றார். எனக்கு அப்படியே உடம்பு லேசானது. வேலை தப்பித்தது, துறை தப்பித்தது.

அந்த நேரத்தில் வெளியே மேளச் சத்தம் கேட்டது.

மத்தியானம் என்று பொன்னன் சொன்னது அவர் கணக்கில் பதினொன்றரை. 'நாங்களே' என்று சொன்னது ஊரையே. சாமி வெளியூர் போனால் மேளத்தோடுதான் திரும்ப அழைக்க வேண்டுமாம். பெண்களும் ஆண்களுமாக முப்பது பேர் குடோன் வாசலில் நின்றார்கள். பொன்னன் குளித்து, வேட்டி மாற்றி, விபூதி பூசி உள்ளே வந்தார். ஷூ போட்ட அம்மாவின் கையில் சாமி இருப்பதைப் பார்த்தார். மேளம் நின்றது.

"ஏனுங்க கண்ணு... சாமி ஏனுங்க இப்படி வெளுத்துக் கெடக்குது?"

அவர் கிட்டே வந்து கல்லின் முதுகைப் பார்த்தார்.

"இதென்னங்க, ஏழுன்னு போட்டிருக்குது?"

"அது... சும்மா ஒரு அடையாளத்துக்குங்க."

"மூத்த சாமிங்க இது! மூத்த சாமிக்கு ஏழாவது எடமா?" அவர் குரல் உயர்ந்தது. "அப்ப ஒண்ணாம் நம்பர் யாருக்குங்க போட்டீங்க?"

விரலால் காட்டினேன். மேசை ஓரத்தில் ஒரு குட்டைக் கல்.

வாசலில் இருந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். "அட ஆண்டவனே! அது காவக் கல்லுங்க! வாசல்ல நிக்கறவனுக்கு ஒண்ணு, ஊட்டுப் பெரியவருக்கு ஏழா? எங்க பந்தியில எல வரிசை மாறுனாலே சண்டை வந்துரும், நீங்க நொம்பப் படிச்ச புள்ளைங்க!"

சோப்புப் போட்டதை மன்னித்தாலும் மன்னிப்பார்கள் போலிருந்தது. வரிசை மாறியதை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். தலைவி என்னிடம் திரும்பி, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னேன். "உள்ளூர் மக்கள் நம்முடைய பதிவு முறையைப் பாராட்டுகிறார்கள், மேடம்."

"அப்படீங்களா?" என்று பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல். "எனக்கு வேற மாதிரியல்லங்க கேட்டுது?"

கொட்டாவிப் பேராசிரியர்! முப்பது வருடமாக வடக்கே இருக்கிறாரே தவிர, ஆள் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். வந்ததிலிருந்து நானும் சபாபதி சாரும் அவர் பக்கத்தில் நின்றுகொண்டே, 'இந்தத் தூங்குமூஞ்சிக்கு ஒரு காபி குடுத்து உக்கார வெச்சுடலாம்' என்று பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. சபாபதி சார் மெதுவாக ஒரு தூணுக்குப் பின்னால் போனார்.

பேராசிரியர் ஷூவைக் கழற்றினார். தலைவியிடம் ஏதோ சொல்ல, அந்த அம்மாவும் பதறிப்போய்க் கல்லைக் கீழே வைக்கப் போனார். "தரையில வேண்டாமுங்க!" என்று முப்பது பேரும் கத்தினார்கள். பிறகு பேராசிரியர் பொன்னனிடம், "நம்ம பக்கந்தானுங்க நானும். வரிசையச் சொல்லுங்க, கேக்கறேன்" என்றார். பொன்னன் சொன்னார். மூத்தவர் எந்தக் காட்டில் உழும்போது வந்தார், உழுதது யார் பாட்டன், அடுத்தவர் எந்த ஓடைக்கரையில் கிடைத்தார், அந்த வருஷம் சாமை விளைந்ததா இல்லையா என்று இருபத்து மூன்று பேருக்கும் ஒரு மூச்சில். எந்தப் பொருள் எங்கே கிடைத்தது என்பதுதான் தொல்லியலுக்கு உயிர். எங்கள் பீரோவில் ஒரு பொருளுக்குக்கூட அந்தத் தகவல் கிடையாது. பேராசிரியர் எங்களுக்கு மார்க் போட வேண்டிய தாளைத் திருப்பி, பின்பக்கம் முழுக்க எழுதிக்கொண்டிருந்தார். நான் அழ ஆரம்பித்தேன். வேலை போன அழுகை பாதி, வெட்கம் பாதி.

"அழுவாத சாமி" என்றார் பொன்னன். "கொண்டாந்தது நீயி. நீயே தூக்கிட்டு வந்து சேத்துரு, கோவம் தணிஞ்சிரும்."

அப்படித்தான் நான் தலையில் சும்மாடு வைத்து, கூடை நிறையக் கற்காலத்தைச் சுமந்துகொண்டு, பட்டுப்புடவையில், வெறுங்காலில், மேளத்துக்குப் பின்னால் மலை ஏறினேன். பின்னால் முப்பது பேர். அவர்களுக்குப் பின்னால், முழங்கால் வலி என்று நான் பழி போட்ட தலைவி, என்னைவிட வேகமாக ஏறி வந்தார். மரத்தடியில் சாமிகளை வரிசை பார்த்து வைத்ததும் பேராசிரியர் என்னிடம் வந்தார்.

"எங்கள நேரா இங்க கூட்டிட்டு வந்திருந்தாப் போதுமேங்க. எதுக்குங்க அந்தக் குடோனு?"

பொன்னன் கேட்ட அதே கேள்வி.

அறிக்கை இரண்டு மாதம் கழித்து வந்தது. துறைக்கு அருங்காட்சியகம் இல்லை. இருப்பதாகச் சொன்னது பொய். ஆனால் அருகிலுள்ள கிராமத்தில் ஒழுங்காகப் பராமரிக்கப்படும் சேகரிப்பு ஒன்று இருக்கிறது. படிவத்தில் பொய் எழுதிய விரிவுரையாளர் அங்கே போய் உட்கார்ந்து அதற்கு முறையான பதிவேடு எழுத வேண்டும். அதுவரை துறையைக் கலைக்க வேண்டாம். தண்டனையாக வந்த அந்தப் பதிவேட்டை எழுதி எழுதியே நான் நிரந்தர வேலைக்கு வந்தேன். பதினோரு பிள்ளைகளும் கல்வெட்டே படித்து முடித்தார்கள்.

நம்பரை அழிக்கலாமா என்று பொன்னன் மறுபடி பூ கேட்டார். இந்த முறை என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். பூ இடப்பக்கம் விழுந்தது. ஆக, நம்பர் அப்படியே இருக்கிறது. ஊர் கூடிப் பேசி, மூத்தவர் ஏழு என்றால் ஏழுதான் இனி முதல் என்று தீர்த்துவிட்டார்கள். பந்தியில் முதல் இலைக்கு அங்கே பெயர் ஏழாம் இலை. எங்கள் வீட்டிலும் அதே கணக்கு நிலைத்துவிட்டது. விருந்தாளி வந்து வாசலில் மணியடித்தால், "ஒண்ணாம் நம்பர், போய்க் கதவைத் திற" என்று என் கணவர் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்.

போன மாதம் என் மகள் மூன்றாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கிவிட்டாள். குதித்துக்கொண்டே வந்து, பொன்னன் தாத்தாவுக்குத்தான் முதலில் சொல்வேன் என்று அடம்பிடித்துப் போன் போட்டாள்.

"ஒண்ணா வாங்குன கண்ணு?" என்றார் அவர் வருத்தத்தோடு. "செரி உடு, அழுவாத. அடுத்த வாட்டி நல்லாப் படிச்சு ஏழு வாங்கிப் போடலாம்."