சனிக்கிழமை முழங்கால்வலி

தான் எழுதிய ஆறு பக்கத்தில் லிப்ட்காரர் நாலே நாலு இடத்தில்தான் வந்திருந்தார். எடிட்டர் அதில் மூன்றைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

"மிச்சம் ஒண்ணை மட்டும் ஏன் விட்டீங்க?" என்று கேட்டார் லிப்ட்காரர்.

"அதுல நீங்க கதவைத் திறந்து விடறீங்க. யாராவது திறந்தாதானே உங்க வீட்டம்மா உள்ளே வர முடியும்?"

எடிட்டர் ஒரு பத்திரிகையில் முப்பது வருஷம் பிறர் எழுதியதை வெட்டி ஓய்வு பெற்றவர். இப்போது ஞாயிறுதோறும் எழுத்துப் பயிற்சி வகுப்பில் இலவசமாக வெட்டுகிறார். இந்தக் கட்டடத்துக்கு வகுப்பு குடிவந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. எடிட்டர் புதுசு, சொல்லித்தரும் டீச்சரம்மா புதுசு. பழசு என்று சொன்னால் நாற்காலிகளும், வகுப்பு முடிந்ததும் வந்து அவற்றை அடுக்கிவிட்டுப் போகும் ஆயாம்மாவும்தான்.

லிப்ட்காரர் ஆயுள் முழுக்க லிப்ட் பழுது பார்த்தவர். மனைவி போய்ப் பதினோரு மாதம். வீட்டில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவரை மகள்தான் இழுத்து வந்து சேர்த்துவிட்டாள்.

"அப்பா, சுவர் பதில் சொல்லாது. அங்கே போனா நாலு பேராவது ஏதாவது கேப்பாங்க."

கேட்டார்கள். வம்பே அதுதான். அவர் மனைவியைப் பற்றி எழுதினார். எல்லாரும் மனைவியைப் பற்றியே கேட்டார்கள்.

அவள் எடுத்துப் போன குடையோடு வீடு திரும்பியதே கிடையாது. எங்காவது மாற்றி எடுத்து வந்துவிடுவாள், அதுவும் போனதைவிட நல்ல குடையாக. அதைப் படித்துக் காட்டிய அன்றே வகுப்பு அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. முதல் இரண்டு வாரம் இவரை "அண்ணே" என்று கூப்பிட்ட லாரி டிரைவர், குடைக்குப் பிறகு "மாமா" என்றான். அவள் அக்கா ஆகிவிட்டாளாம். அக்கா புருஷன் மாமாதானே!

"மாமா, இந்த வாரமும் அக்காதானே? நேத்து செக்போஸ்ட்ல, அக்கா கண்டக்டர்கிட்ட பேசினாங்களே, அதே மாதிரி பேசிப் பாத்தேன். விட்டுட்டாங்க!"

"நான் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டியா?"

"நல்லாத்தான் இருக்கீங்க, முன்னாடியே உட்கார்ந்திருக்கீங்களே. அந்தக் கறுப்புக் குடை அப்புறம் என்னாச்சு?"

திரும்பும் வழியில் பஸ்ஸில் லிப்ட்காரர் வாய்விட்டே சொல்லிவிட்டார்: "எழுதறது நானு, பேரு அவளுக்கா?" பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் தன் வீரத்தை எழுதிக்கொண்டு போனார். ஒன்பது மாடிக் கட்டடம். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே பதினோரு பேர். இவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு மேலிருந்து இறங்கினார். கை தோல் உரிந்தது. இரண்டு மணி நேரம். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

பல் டாக்டரம்மா கையைத் தூக்கினார். "சார், அப்போ அவங்க எங்கே இருந்தாங்க?"

"யாரு?"

"உங்க வீட்டம்மா."

பலகையில் டீச்சரம்மா முதல் நாளே எழுதிப் போட்டிருந்தார்: உள்ளதை எழுது, பயப்படாதே. லிப்ட்காரர் அந்தப் பலகையைப் பார்த்தார். பொய் வரவில்லை.

"எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தா. ஆறு மாடியும் படியிலேயே ஏறி வந்து, லிப்ட் கதவு இடுக்குல வாயை வெச்சு, உள்ளே மாட்டினவங்களுக்கு எங்க கல்யாணக் கதையைச் சொல்லிட்டிருந்தா. கதவு திறந்தப்புறமும் ரெண்டு பேரு வெளியே வரல. முடிவைக் கேட்டுட்டுத்தான் வருவோம்னுட்டாங்க."

அறை குலுங்கியது. எடிட்டர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். "கயிறு, கை, தோல் எல்லாம் போகட்டும். இங்கேருந்து ஆரம்பிங்க."

சரி, அவளைத் தூக்கி வைத்ததால்தானே இந்தக் கதி. அவள் லட்சணத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும் என்று குற்றப்பத்திரிகை எழுதினார் லிப்ட்காரர். சீட்டாட்டத்தில் ராணியை மடியில் ஒளித்து வைப்பாள். இவருடைய தங்கை போன் செய்தால் இருபது வருஷமாக ஒரே பதில்: "அவர் குளிக்கிறாரே!" அண்ணனைப்போல் சுத்தமான மனுஷன் கிடையாது என்று தங்கை இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பல் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த வாரம் எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரேன் சார். இப்படியும் பொண்டாட்டி உண்டுன்னு தெரிஞ்சுக்கட்டும்."

அடுத்த வாரம் நாற்காலி பற்றவில்லை. வகுப்பு முடிந்ததும் டிரைவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"மாமா, அக்கா போட்டோ ஒண்ணு குடுப்பீங்களா? வண்டில முன்னாடி வெச்சுக்கறேன்."

"என் பொண்டாட்டி போட்டோ உன் வண்டில எதுக்குய்யா?"

"ஒரு துணைக்குத்தான்."

"எனக்கே துணைக்கு அது ஒண்ணுதான்யா இருக்கு!"

அவர் போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று பின்வாங்கினான். எல்லாரும் போனபிறகு டீச்சரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். மகள் வயதுதான் இருக்கும்.

"கோவமா ஐயா?"

"இல்லம்மா. வயித்தெரிச்சல்."

"யார் மேல?"

"செத்துப்போனவ மேல. வெக்கக்கேடுதான்."

டீச்சரம்மா சிரிக்கவில்லை. "பதினாலு வாரமா சிரிக்கச் சிரிக்க எழுதறீங்க. பயந்துபோய் எழுதாம விட்டது ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல" என்று லிப்ட்காரர் பேனாவை மூடினார்.

"அதை எழுதுங்க."

"எதை?"

"இப்போ மூடினீங்களே, அதை. மோசமா வந்தா வெட்ட எடிட்டர் இருக்கார். எழுத முடியலைன்னா போன் பண்ணுங்க, நான் இருக்கேன். யாரும் ஓடிட மாட்டோம்."

புதன்கிழமை காலையில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினார். முதல் வரிக்கே மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டு தடவை டீச்சரம்மாவுக்குப் போன் போட்டார். முதல் தடவை "முடியல" என்றார். இரண்டாம் தடவை ஒன்றுமே சொல்லவில்லை. டீச்சரம்மாவும் லைனை விடாமல் இருந்தார்.

ஞாயிறன்று எடிட்டர் நாலு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"ஒண்ணும் வெட்டலையா? அவ்வளவு மோசமா?"

"போய்ப் படிங்க" என்றார் எடிட்டர்.

அன்று ஆள் அதிகம், நேரம் இழுத்துவிட்டது. லிப்ட்காரர் முறை வந்தபோது ஆயாம்மா நாற்காலி அடுக்க வந்து வாசலில் காத்து நின்றாள். அவர் படித்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் நாலு மாதம், சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி ஆனால் அவளுக்கு முழங்கால் வலிக்கும். வைத்தியத்துக்கு என்று கிளம்புவாள். பவுடர் போட்டுக்கொள்வாள். நல்ல புடவை கட்டிக்கொள்வாள். திரும்பி வரும்போது பாடிக்கொண்டு வருவாள். வலி வைத்தியத்துக்குப் போனவள் பாடிக்கொண்டா வருவாள்? அந்த வைத்தியசாலைக்குப் போன் செய்து கேட்டார். அப்படி யாரும் வருவதில்லை என்றார்கள்.

ஒரு சனிக்கிழமை மகளின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பஸ்ஸின் கடைசி சீட்டில் முகத்துக்கு நேரே செய்தித்தாளைப் பிடித்தபடி பின்னாலேயே போனார். அவள் மார்க்கெட்டில் இறங்கினாள். கூட்டத்தில் கரைந்துவிட்டாள். இவர் இருட்டும்வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அவள் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். "எங்கே போயிருந்தீங்க?" என்று கேட்டாள். காற்று வாங்க என்றார். அந்த மாதக் கடைசியில் முழங்கால் தானாகவே சரியாகிவிட்டது.

அவர் கேட்கவில்லை. பின்னால் அவள் வேறு நோயில் படுத்தபோது நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தார். அப்போதும் கேட்கவில்லை. கடைசிப் பத்திக்கு வந்தார்.

"அவன் யார் என்று எனக்குத் தெரியாது. அவள் போன பிறகும் அவன்மேல் பொறாமை போகவில்லை. மற்ற நாளில் வீட்டில் அவள் பாடியதே இல்லை. அவளை அப்படிப் பாட வைத்தவன் நான் இல்லை."

பல் டாக்டரம்மா வீட்டுக்காரர் மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். டிரைவர் எழுந்தான்.

"அண்ணே, தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா?"

அண்ணே என்றான். குடையைக் கேட்கவில்லை, அக்காவைக் கேட்கவில்லை. பதினாலு வாரமாக லிப்ட்காரர் ஏங்கியது இந்த ஒரு கேள்விக்குத்தான். வந்தபோது வாங்கிக்கொள்ளத்தான் தெம்பில்லை. தாள்களை மடிக்க ஆரம்பித்தார்.

வாசலில் தடால் என்று சத்தம். ஆயாம்மா கையிலிருந்த நாற்காலிகளைக் கீழே போட்டுவிட்டு அவர் எதிரில் வந்து நின்று, மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தக் கறுப்புக் கண்ணாடிக்கு ரோஸ் கலர் பிரேமா?"

லிப்ட்காரர் திகைத்தார். அதை அவர் எழுதவில்லை. "ஆமா... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அட, அந்தக் கதையில பஸ்ல பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருந்தவரு நீங்கதானா! மார்க்கெட் மாடியில இந்த வகுப்பு சனிக்கிழமை நடந்தப்போ அந்தம்மா வாராவாரம் உங்களைத்தானே எழுதிட்டு வந்து படிச்சாங்க. எல்லாரும் உங்களைப் பத்தியே விசாரிக்கவும், 'எழுதறது நானு, பேரு அவருக்கா'ன்னு வயித்தெரிச்சல்ல வர்றதையே நிறுத்திட்டாங்களே!"