தலைகீழ் மீனும் மீரா சாகிப்பின் இணையக்கடைப் போரும்

வாழ்க! சேதுக்கரைப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, இருபத்தாறு அகவை நிரம்பி, மலிவு விமானத்தின் நடு இருக்கையில் முழங்கால் மடங்க முந்நீர் கடந்து, பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் மாநகரில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், மசாலா அரைக்கும் கடையொன்றில் நிலைகொண்ட மாவீரன் மீரா சாகிப் வாழ்க! மிளகாய்நெடி கமழும் மார்பினன், மஞ்சள் ஊறிய பத்து விரலினன், மல்லித்தூள் படிந்த இமையினன், நாளொன்றுக்கு நானூறு முறை தும்மியும் தளராத மூக்கினன், ஆயினும் செல்பேசி ஒருமுறை சிணுங்கினால் ஈரல்குலை நடுங்கும் இளகிய நெஞ்சினன்! அத்தகையோன் ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை வரையில், மிளகு மூட்டையையே தேர்த்தட்டாகக் கொண்டு, கடையின் பழைய மடிக்கணினியோடு தன்னந்தனியனாய்ப் பொருத பெரும்போரைப் பாடப் புகுகிறது இச்சிறுநா.

பக்கத்துக் கடை வைஃபையே, நான்கு கோடுகளில் இரண்டே கோடு காட்டும் கருமியே, இக்கதை முடியும்வரை அறுந்துவிடாமல் அருள்வாயாக!

போருக்குக் காரணம் மண்ணன்று, பொன்னன்று, பெண்ணே. ஊரிலிருக்கும் நூருல் லாத்தா, வீரனுடன் ஒரு வயிற்றில் பிறந்த தமக்கை, நாவன்மையில் நிகரற்றவள், தம்பிக்குப் பெண் பேசப் போன வீட்டில் தேநீரின் இரண்டாம் மிடற்றிலேயே இவ்வாறு முழங்கிவிட்டாள்: "எந்தம்பி சும்மா மசாலா அரைக்கிறவன்னு நெனச்சிராதீங்க. அந்தக் கடையோட ஆன்லைன் பூரா அவன் கையிலதான்." அக்கடைக்கோ அன்று ஆன்லைன் என்று அணுவளவும் இல்லை. திரைச்சீலைக்குப் பின்னிருந்து மணமகளாகப் போகும் சுஹானாவின் குரல் அம்பெனப் பாய்ந்தது: "அப்ப லிங்க அனுப்பச் சொல்லுங்க. பாப்போம்." வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் பெண்வீட்டார் உரைத்தனர். லிங்க் இல்லையேல் பெண் இல்லை என்பது வீரனுக்குத் தெள்ளத்தெளிவாய் விளங்கியது.

உடனே அவன் கடையின் அதிபதி, ஐம்பது வகை மசாலாவை மூக்கினாலேயே எடைபோட வல்ல அப்துல் ஹமீது முன் சென்று நின்றான்.

"மொதலாளி, நம்ம கடைக்கு வெப்சைட் ஒண்ணு நானே போடவா?"

"அதுக்குத்தான் கோகிலன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்லா. கெலுகோர்ல டிசைன் படிச்சவன். ஒனக்கு எதுக்கு அந்த வேல?"

வீரன் பொய் பேச வாய்திறந்தான். பதற்றத்தில் உண்மை முழுவதும் வெளியே கொட்டிவிட்டது. கேட்ட அதிபதி கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நகைத்தார்.

"அலாமாக்! பொண்ணுக்காக வெப்சைட்டா? சரி, போடு. வெள்ளிக்கெழம வரைக்கும் டைம். சரிப்பட்டு வரலன்னா கோகிலன்தான், தெரியுதா தம்பி?"

இவ்வாறு போர்முரசு முழங்கியது. மூடிய மடிக்கணினியின் வாய் திறந்தான் வீரன். இலவச டெம்ப்ளேட் என்னும் இணையக்கடைச் சட்டகம், பாலைநிலம்போல் பரந்து, பனிமலைபோல் வெளுத்து, ஒரு மூலையில் சிற்றெறும்பு ஊர்ந்தாற்போல் நான்கெழுத்து மட்டும் தாங்கி, அவனை ஏளனமாய் நோக்கி நின்றது. வெறுமை! வெள்ளை வெறுமை! தட்டில் ஒரு சாண் காலியாய்த் தெரிந்தாலும் பார்ப்பவர் கடை படுத்துவிட்டது என்று நினைப்பர் என அஞ்சி, சோம்பு டப்பாவைக்கூட இரண்டு வரிசையாய் அடுக்கும் மரபில் எட்டு மாதம் பயின்றவன் அக்கொடுமையை எங்ஙனம் பொறுப்பான்? பொங்கியெழுந்தான். மேல்மூலையில் மஞ்சள் கிழங்கை நட்டான். கீழ்மூலையில் கிராம்பைக் குவித்தான். இடப்புறம் பட்டை, வலப்புறம் ஏலம், இடையில் ஓடும் சிவப்பெழுத்து, அதன்மேல் மின்னும் பச்சையெழுத்து, எஞ்சிய விரற்கடை இடத்தில் அப்துல் ஹமீதின் ஹஜ்ஜுக் காலத்துப் புகைப்படம் என, ஊசி நுழைய இடமின்றி நிரப்பிய பின்னரே பெருமூச்செறிந்தான்.

அத்தோடு ஓய்ந்தானா? இல்லை. அக்கடையில் பொட்டலம் கட்டி வைத்து விற்கும் வழக்கம் கிடையாது. வருவோரிடம் கேட்டுக் கேட்டே மசாலா கூட்டுவர். என்ன மீன், எத்தனை பேர், தேங்காய்ப்பாலா புளியா, பல் கட்டியவர் உண்டா, வீட்டில் மாமியார் வந்திருக்கிறாரா என வினவி, வந்திருந்தால் மிளகை ஒரு பிடி குறைப்பதே அவர்தம் மறை. டெம்ப்ளேட் தந்ததோ சிறிது, நடுத்தரம், பெரிது என்னும் மூன்றே சொல். "மூன்று சொல்லில் முடிவதோ குழம்பு?" என்று உறுமிய வீரன், பதினேழு கேள்விகளைப் பதினேழு வேல்களாய் வரிசையில் நிறுத்தினான். பதினேழுக்கும் விடையளியாதவன் பணம் செலுத்தும் வாயிலை எட்டியும் பார்க்க இயலாது.

பின்னர் வந்தது மீன்.

முகப்பில் கிடத்துவதற்கென்று அன்று காலை சந்தையில் தன் கையால் படமெடுத்த, அவ்வூரார் தெங்கிரி என்றழைக்கும் முழு வஞ்சிர மீன், வெள்ளிவாள் போலும் வடிவினது, மடிக்கணினியில் நேரே நின்றது, செல்பேசியிலோ வயிறு மேலாய்ப் புரண்டு கிடந்தது. வீரன் அதைப் புரட்டினான். செல்பேசியில் நிமிர்ந்தது, மடிக்கணினியில் மல்லாந்தது. சினந்து குறுக்கே கிடத்தினான். ஆர்டர் பொத்தானைத் தன் வாலடியில் அது விழுங்கிக்கொண்டது. வாலைச் சுருக்கினான், தலை பெருத்தது. தலையை வெட்டினான்; அதிபதியின் புகைப்படத்தில் பாதி முகம் பறிபோயிற்று. புதன்கிழமை முழுதும், மிளகாய் அரைபடும் இடைவெளிதோறும், மஞ்சள் விரல்களும் வழுக்கும் மீனும் ஒன்றையொன்று கட்டிப் புரண்டன. ஈற்றில் இரு படைகளும் களைத்து உடன்படிக்கை செய்துகொண்டன: மீன் எங்கும் தலைகீழாகவே கிடக்கும்; பொத்தான் உயிர்பிழைக்கும்.

வியாழன் நண்பகல், நாசி கண்டார் என்னும் குழம்புச் சோறு உண்ண வந்த கோகிலன் கடைக்குள் எட்டிப்பார்த்தான். பொருட்படங்களை வெட்டியொட்டிப் பொருள் ஈட்டுவோன், கருஞ்சட்டையன், மெல்லிய கண்ணாடியன், திரையை ஒருமுறை நோக்கினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுமுறை நோக்கினான்.

"தம்பி, இது என்னலா? மீன் செத்துப் போச்சா?"

"செத்த மீனத்தானேண்ணே விக்கிறாங்க."

"கண்ணு மூச்சு விடணும்லா. எடம் விடு, எடம். இங்க பாரு, நம்ம மொதலாளி கடைக்கு நான் போட்டு வச்சத." கோகிலன் தன் கணினியைத் திறந்தான். நிலவொளி தோய்ந்த வெண்பரப்பு. நட்டநடுவில் ஒரே ஒரு மிளகு. அதன்கீழ் ஒரே ஒரு பொத்தான். அழகு! மறுக்க முடியாத அழகு! வீரனின் நெஞ்சு கோடை மெழுகாய் உருகியது. குனிந்து பார்த்த அப்துல் ஹமீதோ பதறிப்போனார்.

"ஏன்டா கோகிலா, ஒரு மொளகுதான் இருக்கு? சரக்கு தீந்துபோச்சுன்னு நெனைப்பாங்கடா!"

"மொதலாளி, இதுதான் இப்ப ஸ்டைல்." கோகிலன் வீரன்பால் சாய்ந்து குரல் தாழ்த்தினான். "கத எல்லாம் மொதலாளி சொன்னாரு. ரெண்டு மணி நேரம் குடு, இத ஏத்தி விட்டுர்றேன். நீயே செஞ்சதுன்னு சொல்லிக்க. யாருக்குத் தெரியப்போகுது?"

ஐயகோ! வாளினும் கொடிது இரக்கமுள்ளோன் நீட்டும் உதவி! வீரனின் உள்ளத்தில் இரு சேனைகள் மோதின. ஒருபுறம், அம்மிளகின் தனிமையழகு, பெண்வீட்டாரின் வியப்பு, லாத்தாவின் நிமிர்ந்த தலை. மறுபுறம், அப்பக்கத்தில் ஒரு கேள்வியும் இல்லை. எந்த மீன் என்று கேளாமலே மசாலா விற்கும் அக்கடையைத் தன் கடை என்று அவன் எப்படிச் சொல்வான்? அன்றியும் சுஹானா நாளை, "இந்த மிளக எப்படி நடுவுல வச்சீங்க?" என்று கேட்டால்? திருமணத்துக்குப் பிறகு கேட்டால்? முப்பதாண்டு கழித்து, பேரப்பிள்ளைகள் சூழ, சோற்றின் நடுவே கேட்டால்? நினைக்க நினைக்க அவன் உள்ளங்கை வியர்த்தது. மஞ்சள் கரைந்து விசைப்பலகையில் சொட்டியது. அடுத்த கணம் மிளகு மூட்டையின்மேல் அவன் எழுந்து நின்றான். மின்விசிறி தலைமயிரைத் தொட்டது. எட்டுத் திசையும் நடுங்கச் சூளுரைத்தான்:

"கேட்பீராக! இது கோணலாயினும் என் கோணல்! இம்மீன் புரண்டு கிடப்பினும் என் கைப்பட்டுப் புரண்ட மீன்! இதையே அனுப்புவேன்!"

"மொதல்ல மூட்டைய விட்டு எறங்குடா, கிழிஞ்சிரப் போகுது!" என்றார் அப்துல் ஹமீது.

அவன் இறங்கினான். இறங்கிய கையோடு லாத்தாவுக்கு லிங்க்கை அனுப்பினான். அனுப்பிய நொடியே அச்சம் அவனை மலைப்பாம்பாய்ச் சுற்றியது. ஆயினும் நூருல் லாத்தா பார்த்துவிட்டாள் என்று அவன் செல்பேசியில் இரு நீலக்குறிகள் ஒளிர்ந்துவிட்டன. வில்லை விட்டு அகன்ற அம்பு திரும்புவதில்லை; திரும்ப அழைக்கும் வசதி இருந்தும் அவன் விரலுக்கு அது அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை இங்கு முடிந்து, கடல் கடந்து அங்கும் முடிந்தது. ஆறு கிலோ சோம்பு அரைத்தான். ஏழாம் கிலோவில் சோம்பென்று எண்ணிச் சீரகத்தை அரைத்தான். அப்போது லாத்தாவின் குரற்செய்தி வந்திறங்கியது. அரைவை இயந்திரத்தை நிறுத்தி, அதைக் காதோடு அழுத்தினான்.

"டேய், பொண்ணோட மாமா கண்ணு கூசுதுன்னு போன தூரமா வச்சுட்டாரு. அவ அண்ணங்காரன் சிரிக்கிற சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேக்குது. என் மானமே போச்சுன்னு உக்காந்திருந்தேன். அந்தப் புள்ளதான் போன வாங்கி அர மணி நேரமா எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டுச்சு. பொறவு என்ன சொல்லுச்சு தெரியுமா? இந்தா, நீயே சொல்லும்மா, வெக்கப்படாத."

சற்றுநேரம் இரைச்சல். பின்னர் அம்பெனப் பாயும் அதே குரல், இம்முறை சிரிப்பை அடக்கியபடி:

"காசு வாங்குன ஆளு எவனும் இப்படிச் செய்ய மாட்டான். இது நீங்களே செஞ்சதுதான், எனக்குத் தெரியுது. ஆளு வச்சு செஞ்சுட்டு ஏமாத்துவீங்களோன்னுதான் பயந்துட்டு இருந்தேன். எங்க வாப்பாகிட்ட சரின்னு சொல்லிட்டேன்."

ஒலித்தன சங்கங்கள்! முழங்கின முரசங்கள்! சாலையில் போன மோட்டார்சைக்கிள்கள் எல்லாம் வாழ்த்தொலி எழுப்பினாற்போல் ஹாரன் அடித்தன! கோகிலன் தோற்றும் தழுவினான்; அப்துல் ஹமீது வென்றவன் தலையில் ஒரு கைப்பிடி மல்லித்தூளை மலர்மாரியாய்ப் பொழிந்தார்; வீரன் நானூற்றோராம் முறை தும்மினான். அத்தும்மல் அடங்குமுன் மடிக்கணினி மணியோசை எழுப்பிற்று. வந்தது முதல் ஆர்டர்! பதினேழு வேல்களையும் கடந்து வந்த முதல் ஆர்டர்! சுஹானா என்னும் பெயர். அரைக்கிலோ மீன் மசாலா. காரம் கண்ணில் நீர் வருமளவு. முகவரி இராமநாதபுரம் மாவட்டம், தமிழ்நாடு!

அன்று மாலையே தலைகீழ் மீனின் அடியில் புதிதாய் ஒரு வரி ஏறியது: கடையிலிருந்து பினாங்குத் தீவுக்குள் மட்டும்தான் டெலிவரி, வெளியில் இருப்பவர்கள் தயவுசெய்து ஆர்டர் போட வேண்டாம்.