நாலாயிரம் முகங்களும் எட்டுப் பக்கப் படிவமும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் சுகம். அங்கு தாங்களும் என் தங்கையும் சுகம்தான் என்று நம்புகிறேன். மற்றதெல்லாம் சந்தேகமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

தங்கள் கம்பெனி பத்திரிகைகளுக்கு விற்கும் புகைப்படங்களில் நாலாயிரம் நான் எடுத்தவை. பதினோரு வருட உழைப்பு. இப்போது புதுச் சட்டமாம். படத்தில் முகம் தெரிகிற ஒவ்வொருவரின் வயதுச் சான்றையும் சம்மதக் கையெழுத்தையும் ஏழு வருடம் பூட்டி வைக்க வேண்டுமாம், பழைய படங்களுக்கும் சேர்த்து. இருக்கட்டும். ஆனால் "செலவு முழுவதும் படம் தருபவரையே சேரும்" என்ற சுற்றறிக்கையின் அடியில் தங்கள் கையெழுத்து ஏன்? எட்டுப் பக்கப் படிவத்தின் மூலையில் தங்கள் அண்ணனின் அச்சகத்துப் பெயர் ஏன்? நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் என் பழைய படமொன்றில் இருக்கும் முடிதிருத்துபவரிடம் கையெழுத்துக்குப் போனேன், அப்படியே ஷேவிங்குக்கும். "படம் புடிக்க ஒரு நிமிஷம், கையெழுத்துக்கு ஒரு மணி நேரமா? ஆள விடுங்க சார்" என்று பாதி ஷேவிங்கில் எழுப்பிவிட்டார். மழித்த ஒரு கன்னத்தோடு காய்கறிக்காரம்மாவிடம் போனால், "என் பொறந்த தேதி உனக்கு எதுக்குய்யா? கடைய எழுதி வாங்கப் பாக்குறியா?" என்று அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் கூடிவிட்டது, அதில் இரண்டு பேர் என்னைப் படம் பிடித்தார்கள், சம்மதம் கேட்காமல்! சரி, புதுப் படங்களுக்காவது வீட்டு முகம் போதும், சான்றெல்லாம் பீரோவிலேயே இருக்கிறதே என்று மனைவியையே டாக்டராக, வக்கீலாக, நோயாளியாக நிறுத்தி எடுத்தேன். நான் நீட்டிய எதையும் இதுவரை படிக்காதவள் எட்டுப் பக்கத்தையும் படித்தாள். "சம்மதத்த எப்ப வேணா வாபஸ் வாங்கலாம்னு போட்டிருக்கே?" என்றாள். அன்று முதல் இந்த வீட்டில் நான் குரலை உயர்த்தவில்லை.

மிச்ச முகங்களை எங்கே போய்த் தேடுவேன்? கேமராவை விற்க விலை பேசிவிட்டேன், மாப்பிள்ளை. பேசிவிட்டு வந்து சாப்பிடவும் பிடிக்கவில்லை.

தங்கைக்கும் தங்களுக்கும் என் ஆசிகள். தங்கள் அண்ணனுக்குத் தனியாக ஆசி எதுவும் இல்லை.

இப்படிக்கு,
எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத
மைத்துனன்

பின்குறிப்பு: தங்கை இப்போதுதான் போன் செய்தாள். "அண்ணா, செலவுல பாதி கம்பெனிதான் தரணும்னு அவரு மேலதிகாரியோட சண்ட போட்டு ஜெயிச்சிட்டாரு. பழைய படத்துக்கு ஒரு வருஷம் அவகாசமும் வாங்கிட்டாரு. படிவத்த அவங்க அண்ணன் சும்மாவே அடிச்சுக் குடுத்தாரு" என்றாள். கேமராவை விற்கவில்லை. கடிதத்தைக் கிழிக்கலாம்தான், ஆனால் நடை நன்றாக வந்துவிட்டது. ஆகையால் மேலே உள்ளதைத் தாங்கள் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால், அது நான் எழுதியதல்ல. யார் எழுதியிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.