அங்கீகாரம் பெற்ற பள்ளங்கள்

சாலைகளைப் பராமரிப்பது எங்கள் அலுவலகத்தின் பணி. சாலைகளைப் பராமரிக்கவில்லை என்று வரும் மனுக்களைப் பராமரிப்பது என் பணி. மனு வந்ததும் எண் போட்டு, 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று பதில் எழுதுவேன். அதே ஆள் மறுபடி எழுதினால், 'பரிசீலனை தொடர்ந்து நடைபெற்று வருகிறது' என்று எழுதுவேன். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகவே கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீடு இருந்த தெருவும் எங்கள் அலுவலகத்தின் பராமரிப்பில்தான் இருந்தது. ஆகவே அதில் பள்ளங்கள் அதிகம். தெருவின் மறுகோடியில் என் மனைவியின் அக்கா வீடு. மாலையானால் என் மனைவி அங்கே போய்விடுவாள். அக்காவும் தங்கையும் உலகத்தில் உள்ள எல்லோரைப் பற்றியும் பேசி முடிப்பார்கள். வீடு திரும்பும்போது அவளிடம் பேச்சு மிச்சம் இருக்காது. எங்கள் இல்லறம் அமைதியாக நடந்தது இந்த ஏற்பாட்டினால்தான்.

ஒருநாள் அவள் பள்ளத்தில் கால் வைத்துக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டாள். எதிர்வீட்டுக் கம்பவுண்டர் வந்து கட்டுப் போட்டார்.

"சரியாகிற வரைக்கும் வெளிய இறங்காதீங்கம்மா" என்றார்.

"எப்போ சரியாகும்?" என்று கேட்டேன்.

"கால் ரெண்டு மாசத்துல சரியாயிடும் சார். தெருவைப் பத்தி நீங்கதான் சொல்லணும்."

அன்று முதல் அக்காவுக்குச் சேர வேண்டிய பேச்சு முழுவதும் என்னிடம் வந்தது.

"அக்கா மருமக புதுசா திரைச்சீலை வாங்கியிருக்காளாம். என்ன கலர்னு கேளுங்க."

"என்ன கலர்?"

"அதைப் போய்ப் பார்க்கத்தானே முடியல. ரோடு ஆபீஸ்லயே உக்கார்ந்திருக்கீங்க, வீட்டு வாசலுக்கு ஒரு சட்டி தார் கொண்டு வர வக்கில்ல."

"முறைப்படி மனு குடு" என்றேன்.

கொடுத்தாள். எண் போட்டேன். பதிலைத் தபாலில் அனுப்பாமல் நானே கையோடு கொண்டுவந்து கொடுத்தேன். படித்துவிட்டு அன்று முழுவதும் அவள் பேசவில்லை. மறுநாள் அந்தப் பாக்கியையும் சேர்த்துப் பேசினாள்.

இந்த நேரத்தில் எங்கள் தலைமைப் பொறியாளர் வெளிநாட்டில் நடந்த சாலை மாநாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினார். சாலைகளைப் பற்றி அவர் எதுவும் கொண்டுவரவில்லை. காலில் செருப்பு இல்லாமல் வந்தார்.

"அங்க எல்லாரும் வெறுங்கால்லதான் ஓடுறாங்க. நாமதான் இன்னும் செருப்பைக் கட்டிக்கிட்டு அழறோம்" என்றார். அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. 'மனிதன் பிறக்கும்போது காலணியுடன் பிறப்பதில்லை என்பது இத்துறையின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. எனவே அனைத்துப் பணியாளர்களும் நாள்தோறும் காலையில் வெறுங்காலுடன் ஓடிய பின்னரே வருகைப் பதிவு செய்யப்படும்.'

முதல் நாள் ஓட்டத்தில் எங்கள் கணக்கர், பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடிய பழக்கத்தில், குதிகாலால் தரையை ஓங்கி ஓங்கி அறைந்தபடி ஓடினார். மறுநாள் அவரை நாற்காலியோடு தூக்கிவந்து மேசை முன்னால் வைத்தார்கள். பாதி அலுவலகம் நொண்டியது. இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. 'முன் அனுமதி பெறாமல் காயம்படுவது ஒழுங்கீனமாகக் கருதப்படும்.' அனுமதி கோரிப் பலர் எழுதினார்கள். அவையும் பரிசீலனையில் இருந்தன.

காயம் படாமல் ஓடக் கற்றுத்தர ஒரு பயிற்சியாளரை நியமித்தார்கள். அவர் அதுவரை செருப்புக் கடை வைத்திருந்தவர். எங்கள் அலுவலகம் முழுக்க வெறுங்காலுக்கு மாறியதும் வியாபாரம் படுத்துவிட்டது. அவரும் மாறிவிட்டார்.

"காலைப் பத்தி எனக்குத் தெரியாததா?" என்றார் நேர்காணலில். "ஆயுசு முழுக்க அடுத்தவங்க காலைத்தானே புடிச்சிருக்கேன்."

"நாங்களும் அப்படித்தான் இந்த நாற்காலிக்கு வந்தோம்" என்றார் தலைமைப் பொறியாளர். உத்தரவு உடனே தட்டச்சுக்குப் போனது.

மனிதர் சொன்னதில் தவறில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலுவலகத் தாழ்வாரத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

"குதிகாலை முதல்ல ஊணாதீங்க. முன்பாதம் மெத்துனு விழணும். முழங்கால் லேசா மடங்கியே இருக்கட்டும். எட்டு சின்னதா வைங்க, கால் உடம்புக்கு நேர் கீழ விழணும். தரையைப் பார்த்து ஓடுங்க. காலடிச் சத்தம் கேட்டா தப்பா ஓடுறீங்கன்னு அர்த்தம். முதல்ல கொஞ்ச நாள் நடங்க. தோல் பழகட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஓடலாம். கெண்டைக்கால் வலிச்சா நிறுத்திடுங்க."

"நிறுத்துறதுன்னா யாருக்கு எழுதிக் கேட்கணும்?" என்றார் கணக்கர், நாற்காலியில் இருந்தபடி.

"யாருக்கும் எழுத வேணாம் சார். வலிச்சா நிறுத்திட வேண்டியதுதான்."

"எழுதாம எப்படிங்க நிறுத்துறது?" என்று கணக்கர் உண்மையாகவே கலங்கினார்.

ஆனால் நாங்கள் சீக்கிரமே தேறிவிட்டோம். சத்தமில்லாமல், சின்னச் சின்ன எட்டாக, எந்த இடத்திலும் அழுத்தி ஊன்றாமல் முன்னேறுவது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் கோப்புகள் காலங்காலமாக அப்படித்தான் நகர்ந்துவந்தன.

தாழ்வாரம் போதவில்லை. ஓடுவதற்கு ஒரு தெரு வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அதிகாரிகளின் வெறுங்கால்கள் எங்கள் தெருவில் படப்போகின்றன என்றால், அதற்கு முன் தெருவுக்குத் தார் போட்டுத்தானே ஆக வேண்டும்? தெரு சரியானால் என் மனைவி அக்கா வீட்டுக்குப் போவாள். வீட்டில் மறுபடி அமைதி நிலவும். எங்கள் தெருவின் சிறப்புகளை விவரித்துக் குறிப்பு ஒன்று எழுதி மேலே அனுப்பினேன். பள்ளங்களைப் பற்றி எழுதவில்லை. எங்கள் அலுவலகத்தின் எந்தக் குறிப்பிலும் அவற்றைப் பற்றி எழுதும் வழக்கம் இல்லை.

தலைமைப் பொறியாளரும் பயிற்சியாளரும் தெருவைப் பார்க்க வந்தார்கள். கணக்கரும் வந்தார். என் மனைவி கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல எப்படி சார் ஓடுறது? முதல்ல பள்ளத்தை மூடணும்" என்றார் கணக்கர்.

பயிற்சியாளர் குனிந்து ஜல்லியைத் தொட்டுப் பார்த்தார். "மூடவே கூடாது சார். வழவழன்னு இருந்தா கால் சோம்பேறியாயிடும், குதிகாலைப் போட்டு அடிக்கும். கரடுமுரடா இருந்தாதான் கால் தானா பார்த்துப் பதமா இறங்கும். இந்த மாதிரித் தெரு கிடைக்கிறது கஷ்டம்."

"கஷ்டமா?" என்றார் தலைமைப் பொறியாளர். குனிந்து ஒரு பள்ளத்தின் விளிம்பைத் தடவிக்கொடுத்தார். "நம்ம ஊர்ல எல்லாத் தெருவும் இப்படித்தான்ய்யா இருக்கு. இதோட அருமை தெரியாம இருந்துட்டோமே. ஜனங்க காலைச் சரி பண்ணிட்டா, ரோட்டை எதுக்குச் சரி பண்ணணும்?"

அந்த வாக்கியத்தை நான் குறித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

எங்கள் தெரு 'அங்கீகாரம் பெற்ற இயற்கை ஓடுதளம்' ஆனது. ஒவ்வொரு பள்ளத்தையும் சுற்றி வெள்ளை வண்ணத்தில் வட்டம் போட்டு, ஆழம் எழுதினார்கள். 'பள்ளங்களைச் சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர்' என்று பலகை வைத்தார்கள். ஒருநாள் பெரிய மழை. எங்கள் வாசல் பள்ளத்தில் மண் வந்து அடைத்துக்கொண்டது. மறுநாள் விடிந்ததும் எங்கள் அலுவலக மேஸ்திரி நான்கு ஆட்களோடு மண்வெட்டியும் அளவுகோலுமாக வந்து, மண்ணை வாரி, வட்டத்தில் எழுதியிருந்த ஆழத்துக்குச் சரியாகத் தோண்டிவிட்டுப் போனார். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்த பிறகு எங்கள் அலுவலகம் அங்கே செய்த முதல் பராமரிப்புப் பணி அது.

"உங்களைத் தெருவைச் சரி பண்ணச் சொன்னா, பள்ளத்துக்குக் காவல் போட்டுட்டு வந்திருக்கீங்க" என்றாள் என் மனைவி. அந்த ஒரு பொருளைப் பற்றியே பல நாட்கள் பேசினாள்.

மனுக்களுக்கு நான் எழுதும் பதிலும் மாறியது. 'தாங்கள் குறிப்பிட்டுள்ள பள்ளம் ஆய்வு செய்யப்பட்டது. அதில் குறை ஏதும் இல்லை. தங்கள் கால்தான் சரியில்லை. பயிற்சிக்கு வரவும்.'

இதற்கு ஊரில் கலவரம் வரும் என்று பயந்தேன். ஊர் பயிற்சிக்கு வந்தது. வழக்கறிஞர்கள் வந்தார்கள், வங்கி மேலாளர் வந்தார், அவர் வந்ததால் கடன் கேட்பவர்கள் வந்தார்கள். உள்ளங்காலைத் திருப்பிக் காட்டிப் பெருமை பேசுவது விருந்துகளில் வழக்கமாயிற்று. மிருதுவான பாதம் உள்ளவர்கள் காலை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்கள். கம்பவுண்டர் தன் வீட்டு வாசலில் வெந்நீரும் களிம்பும் வைத்து, 'பாத நல நிலையம்' என்று எழுதிப் போட்டார். எங்கள் தெருவில் வீட்டு வாடகை ஏறியது.

என் மனைவி சில நாட்கள் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டுப் பிரித்ததும் ஒருநாள் செருப்பில்லாமல் தெருவில் இறங்கினாள். முதலில் எதிர்வீடு வரை நடந்தாள். பிறகு விளக்குக் கம்பம் வரை. பயிற்சியாளர் சொன்னபடியே சின்ன எட்டு, முன்பாதம், கண் தரையில். ஒரு மாலை அவளைக் காணோம். தேடினால் அக்கா வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு தினமும் ஓடியே போய் ஓடியே வந்தாள். அவள் ஓடினால் பூனை நடப்பது போல் இருக்கும். பயிற்சியாளர் தன் மாணவர்களை அழைத்துவந்து காட்டுவார். வீட்டில் அமைதி திரும்பியது. பள்ளங்களை நினைத்து நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அப்போதுதான் தலைமைப் பொறியாளர் மாற்றலாகிப் போனார். புதியவர் வந்தார். அவருக்கு வெறுங்கால் பிடிக்காது. சக்கரச் செருப்பு கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் சறுக்கியபடியே தன் அறைக்குப் போவார்.

"இனிமே எல்லாரும் சறுக்கணும். அதுக்குத் தெரு கண்ணாடி மாதிரி இருக்கணும். முதல்ல பேர்போன அந்தத் தெருவுலருந்து ஆரம்பிங்க" என்றார்.

ஒரு காலையில் எங்கள் தெருவுக்குத் தாரும் ஜல்லியும் வந்தன. பின்னால் ரோடு ரோலர் வந்தது. எத்தனை பேர் எத்தனை காலம் கேட்டுக் கிடைக்காதது, யாரும் கேட்காமல் வந்து நின்றது. தெருவே வாசலுக்கு வந்தது. என் மனைவி முன்னால் போய் நின்றாள்.

"என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள்.

"ரோடு போடப் போறோம்மா" என்றார் மேஸ்திரி.

"ரோடு போட்டுட்டா நாங்க எப்படி நடக்கிறது?"

மேஸ்திரி ரோலரை நகர்த்தச் சொல்லிக் கை காட்டினார். கம்பவுண்டர் ரோலரின் முன்னால் படுத்துக்கொண்டார். வாடகை ஏற்றியவர்கள் அவர் பக்கத்தில் வரிசையாகப் படுத்தார்கள். தெருவின் நடுப்பகுதிக்கு வந்திருந்த ரோலர் அப்படியே நின்றது. பணியை நிறுத்தக் கோரி என் மனைவி மனு எழுதினாள். தெருவே கையெழுத்துப் போட்டது. நானும் போட்டேன். போட்டுவிட்டு அலுவலகம் போய், அதே மனுவை வாங்கி எண் போட்டு மேலே அனுப்பினேன்.

மனு வந்த அன்றே அதன்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது எங்கள் அலுவலக வரலாற்றில் அதுதான் முதல் முறை. ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் எங்களுக்குத் தாமதமாகும். நிறுத்தச் சொன்னால் எங்களுக்கு நிகர் கிடையாது. 'பணி எந்நிலையில் உள்ளதோ அந்நிலையிலேயே உடனடியாக நிறுத்தப்பட வேண்டும்' என்று உத்தரவு போனது. செய்தி பரவியதும் மற்றத் தெருக்காரர்களும் தங்கள் தெருவுக்கு ரோடு போட வேண்டாம் என்று மனுக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் அன்றன்றே நிறைவேற்றினோம். மக்கள் குறைகளை விரைந்து தீர்த்ததற்காக எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

உத்தரவு வந்த அன்று தெருவில் சந்தோஷம். மாலையில் என் மனைவி அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ரோலர் நடுவுல நிக்குது" என்றாள்.

எங்கள் தெரு குறுகல். ரோலர் இரண்டு பக்கமும் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன்.

"எந்நிலையில் உள்ளதோ அந்நிலையிலேயேன்னு எழுதியிருக்கே சார். நகர்த்தினா அது வேலை செஞ்ச கணக்குல வந்துடும்" என்றார்.

"ஏறித் தாண்டலாமா?"

"அரசாங்க உடைமை சார்."

வீட்டுக்கு வந்தேன். "பின் தெரு வழியா சுத்திப் போயேன்" என்றேன்.

"அந்தத் தெருவுக்காரங்க மனுக் குடுக்கிறதுக்குள்ள வேற ரோலரைக் கொண்டுவந்து ரோடு போட்டுட்டாங்க."

"நல்லதாப் போச்சு."

"என்ன நல்லது? வழவழன்னு கிடக்கு. நாலு தரம் நடந்தா கால் பூஞ்சையாப் போயிடும். அப்புறம் நம்ம தெருவுல எப்படி நடக்கிறது?"

"நம்ம தெருவுலதான் ரோலர் நிக்குதே."

"அதை என்னிக்கு எடுத்தாலும் கால் தயாரா இருக்க வேணாமா?" என்றவள், நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கம்பவுண்டர் தம்பி பொண்டாட்டி இருக்காளே..." என்று ஆரம்பித்தாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோலருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, எங்கள் தெரு முழுவதும் தயாரான கால்களோடு உட்கார்ந்திருந்தது.